இன்ஹேலருக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்

ஷார்ஜாவில் புழுதிக்காற்று கிளம்பினால் பால்கனிக் கதவு இடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏழு வயது மகளுக்கு ஆஸ்துமா. காலையும் இரவும் ஆரஞ்சு நிற ஸ்டீராய்டு இன்ஹேலர்; மூச்சு திணறினால் மட்டும் நீல நிற இன்ஹேலர். வளைகுடாவில் பிள்ளை வளர்க்கும் பல வீடுகளில் இந்த இரண்டும் இருக்கும். அதனால்தான் என் தப்பை இங்கே எழுதுகிறேன்.

ஒரு நாள் அவள் பல் தேய்க்கும்போது பார்த்தேன். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பால் குடித்த வாய் மாதிரி இருந்தது, ஆனால் அவள் பால் குடித்திருக்கவில்லை. துணியால் துடைத்தால் கொஞ்சம் வந்தது, வந்த இடம் சிவந்துபோனது. "எரியுதுப்பா" என்று ரசம் சாதத்தைக்கூட ஒதுக்கினாள்.

வாய் சுத்தமில்லை என்று நானே முடிவு கட்டினேன். மருந்துக்கடையில் பிள்ளைகளுக்கான ஃப்ளோரைடு மவுத்வாஷ் ஒன்று வாங்கினேன். பல் டாக்டர்களே சொல்வதுதானே, வாயில் இருக்கிற கிருமி எல்லாம் போய்விடும் என்று நினைப்பு. பத்து நாள், இரண்டு வேளை, பக்கத்தில் நின்று கொப்பளிக்க வைத்தேன். திட்டுகள் குறையவில்லை, பரவின.

அம்மா இப்போது பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் இருக்கிறார். அப்பா ஓய்வு பெற்றதும் இருவரும் திரும்பிவிட்டார்கள். வீடியோ காலில் பேத்தியைப் பார்த்ததும், "நாக்க நீட்டு சாமி" என்றார். பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இது அக்கரம்டா. கைப்புள்ளைங்களுக்கு வர்றது. ஏழு வயசுல இவளுக்கு ஏன் வருது?"

"ஃப்ளோரைடு தண்ணில கொப்பளிக்க வைக்கிறேம்மா."

"ஃப்ளோரைடா? என் பல்லப் பாத்துமாடா?"

அம்மாவின் முன்பற்களில் பழுப்புக் கறை உண்டு. எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் அந்தத் தலைமுறையில் பலருக்கு உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல் கறைபடும். அளவு மிகவும் கூடினால் எலும்பும் கெடும். இந்தியாவில் இந்த நோய் 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் பதிவாகியிருக்கிறது. எங்கள் பக்கம் காவிரித் தண்ணீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது.

அம்மாவுக்கு நான் சொல்ல நினைத்த பதில், கொப்பளித்துத் துப்புகிற அளவு வேறு, வருஷக்கணக்காகக் குடிக்கிற அளவு வேறு என்பது. அது சரிதான். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். ஏன் வருது?

அன்று ராத்திரி இணையத்தில் தேடினேன். ஸ்டீராய்டு இன்ஹேலரால் வரலாம் என்று இருந்தது. அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது! மறுநாளிலிருந்து ஆரஞ்சு இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். "டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் மனைவி. "ரெண்டு நாள்தானே" என்றேன்.

நான்காம் நாள் விடியற்காலை இரண்டு மணிக்கு மகள் உட்கார்ந்துகொண்டு மூச்சு வாங்கினாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது. ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை. நீல இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே அவசர சிகிச்சைக்கு ஓடினோம். நெபுலைசர் முகமூடிக்குள்ளிருந்து அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

அங்கிருந்த மலையாளி டாக்டர் தமிழ் நன்றாகப் பேசினார். "இன்ஹேலரை யார் நிறுத்தச் சொன்னது?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. "காலைல எப்படிக் கொடுப்பீங்க, வரிசையா சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பல் தேய்ப்பாள், டிஃபன் சாப்பிடுவாள், ஷூ போடுவாள், லிஃப்டுக்குப் போகும்போது இன்ஹேலர், உடனே ஸ்கூல் பஸ். ஸ்பேசர்? பெரிதாக இருக்கிறது என்று அலமாரியில் கிடந்தது.

"அதுதான் விஷயம்" என்றார். கேண்டிடா என்கிற ஈஸ்ட் பூஞ்சை நல்லா இருக்கிறவங்க பலர் வாயிலும் சும்மா இருக்கும். ஸ்டீராய்டு மருந்து நுரையீரலுக்குப் போகாமல் வாயிலேயே படிந்தால் அந்த இடத்தில் எதிர்ப்பு குறைந்து அது வளர்ந்துவிடும். ஃப்ளோரைடின் வேலை பல்லின் எனாமலைக் கெட்டிப்படுத்துவது. நாக்கில் வளரும் பூஞ்சைக்கு அது மருந்து இல்லை.

எழுதிக் கொடுத்தது நிஸ்டாட்டின் என்ற சொட்டு மருந்து. நியூயார்க் மாநிலத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இரண்டு பெண்கள், எலிசபெத் ஹேசனும் ரேச்சல் ப்ரௌனும் 1950-ல் கண்டுபிடித்தது. மாநிலத்தின் பெயரையே மருந்துக்கும் வைத்தார்கள். தினம் நான்கு வேளை, சாப்பிட்ட பிறகு, வாயில் சுழற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். திட்டு மறைந்த பிறகும் இரண்டு நாள் தொடர வேண்டும். "பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க. இந்த மாதிரி சொட்டு மருந்து பலதுல சர்க்கரை இருக்கும், பல்லுக்கு ஃப்ளோரைடு நல்லதுதான். துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்" என்றார்.

ஆரஞ்சு இன்ஹேலர் அன்றே மீண்டும் தொடங்கியது.

இப்போது எங்கள் வீட்டில் மாறியது வரிசை மட்டும்தான். முதலில் ஸ்பேசர் வைத்து இன்ஹேலர். பிறகு வெறும் தண்ணீரில் கொப்பளித்துத் துப்புவது. அதற்குப் பிறகுதான் பல் தேய்ப்பது. மொத்தம் இரண்டு நிமிஷம் கூடுதல். அதற்காக அலாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்திருக்கிறோம்.

திட்டுகள் இரண்டு வாரத்துக்குள் போய்விட்டன. ரசம் சாதம் திரும்பிவிட்டது. அம்மா மட்டும் இன்னும் போனில் முதல் கேள்வியாக, "துப்புனாளா?" என்று கேட்கிறார். "துப்பிட்டேன் ஆயா" என்று பின்னாலிருந்து சத்தம் வருகிறது.