எட்டு வீடுகளுக்கு ஓர் அட்டை

இலக்கியம் பேசும் இடத்தில் தொலைபேசி நிலையத்து இரும்புச் சட்டத்தைப் பற்றி எழுதுவது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். ஏரும் தறியும் உலைக்களமும் நம் எழுத்தில் நிறைய வந்துவிட்டன. கடந்த நாற்பது ஆண்டுகளில் நம் ஊர்களின் பேச்சையே மாற்றிய ஒரு கைவேலைக்கு, நான் படித்தவரையில், அங்கே அவ்வளவாக இடம் கிடைக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் கல்வராயன் மலையிலும் அந்த வேலையைச் செய்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஆள் உயர இரும்புச் சட்டத்தை நாங்கள் 'ரேக்' என்போம். அதில் தட்டுத் தட்டாகப் பெட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும், அலமாரியில் புத்தகங்கள் நிற்பதைப் போல, மின்சுற்று அட்டைகள் செங்குத்தாக நிற்கும். எங்கள் வாயில் அது 'கார்டு'தான். மேலும் கீழும் உள்ள பள்ளங்களில் கார்டின் விளிம்புகளைப் பொருத்தி மெல்ல உள்ளே தள்ள வேண்டும். கடைசி அங்குலத்தில் ஒரு தடை தெரியும். கார்டின் முதுகிலுள்ள ஊசிகள் பெட்டியின் பின்சுவரைத் தொடும் இடம் அது. அங்கே அவசரப்படக் கூடாது. கோணலாக அழுத்தினால் ஊசி வளைந்துவிடும். பழுது பின்சுவரில் ஏற்பட்டுவிட்டால் ஒரு கார்டோடு போகாது, பெட்டி முழுவதும் முடங்கலாம். சரியாக அமர்ந்தால் கைக்கே தெரியும். காதால் கேட்பதற்கு முன் விரல் அறிந்துவிடும்.

அதற்கு முன் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அதன் வயர் சட்டத்தின் வழியாக மண்ணில் இறங்கும். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் மூவாயிரம் வோல்ட்டை எட்டினால்தான் நமக்குச் சுரீரென்று தெரியும். கார்டிலுள்ள சில்லுகள் சிலவற்றுக்கோ நூறு வோல்ட்டே அதிகம். நமக்குத் தெரியாமலேயே ஒன்றைக் கொன்றுவிடலாம் என்பதால்தான் அந்தப் பட்டை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதை நம்பவைப்பது கடினம். உணராத ஒன்றுக்காக எச்சரிக்கையாக இருப்பது எளிதல்ல.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1984இல் மத்திய அரசு சி-டாட் என்ற ஆய்வு மையத்தைத் தொடங்கியது. அதன் பின்னே இருந்தவர் சாம் பிட்ரோடா. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளிரூட்டிய அறையைக் கேட்டன. நம் கிராமங்களில் மின்சாரமே நிச்சயமில்லை. வெயிலையும் தூசியையும் தாங்கி, குளிர்சாதனம் இல்லாமல் ஓடும் சிறிய எக்ஸ்சேஞ்ச் ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். அது 128 முனைகள் கொண்டது. 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதன்முதலாக நிறுவப்பட்டது. பிறகு நாடெங்கும் சிற்றூர்களில் பரவியது. பழுது பார்க்கும் முறையும் கிராமத்தை நினைத்தே வகுக்கப்பட்டது. கெட்டுப்போன கார்டை அங்கேயே பிரித்து மேய வேண்டியதில்லை. உருவிவிட்டு நல்லதைச் செருகலாம். கெட்டது பழுதுபார்க்கும் மையத்துக்குப் போகும்.

சந்தாதாரர் கார்டு ஒன்றில் எட்டு இணைப்புகள். எட்டு வீடுகளுக்கு ஓர் அட்டை. மலைமேல் நான் பார்த்த எக்ஸ்சேஞ்சில் ஒரே கார்டில் ஆரம்ப சுகாதார நிலையம், வனத்துறை அலுவலகம், மரவள்ளி வியாபாரி ஒருவர், ஒரு பள்ளி, ஒரு தேநீர்க் கடை எல்லாம் இருந்தன. ஒருவரோடு ஒருவருக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. ஆனால் இடி விழுந்து கார்டு கருகினால் எட்டுப் பேரும் ஒரே நொடியில் ஊமையாவார்கள். நீண்ட மேல்கம்பிகள் கொண்ட மலையில் இடி அடிக்கடி வரும் விருந்தாளி. கச்சிராயபாளையத்தில் கார்டைப் பொதியோடு மடியில் வைத்துக்கொண்டு, வளைவுகளில் பேருந்து குலுங்கும்போதெல்லாம் கைக்குழந்தையைப் போல் அணைத்தபடி வெள்ளிமலை ஏறியிருக்கிறேன்.

அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் காலி இடங்கள். ஒருமுறை எனக்குத் துணையாக வந்த மலைக்காரர் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: "இந்தப் பொந்தெல்லாம் யாருக்கு சார்?"

"இனிமே போன் வாங்கப்போறவங்களுக்கு."

"எங்க ஊருக்கும் இருக்கா?"

"இருக்கே."

"அப்ப ஏன் வரல?"

பெட்டியில் இடம் இருந்தது. கார்டு கேட்டால் கிடைத்திருக்கும். இல்லாதது, அங்கிருந்து அவர் ஊர்வரை காட்டுக்குள் போக வேண்டிய செம்புக்கம்பியும் அதைச் சுமக்கும் கம்பங்களும். ஒரு குக்கிராமத்தின் இரண்டு மூன்று விண்ணப்பங்களுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் கம்பி இழுக்க எந்தக் கணக்கும் இடம் தராது. 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்து, அதன் பிறகே அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்த மலை அது. சாலையும் பள்ளியும் அங்கே தாமதமாகத்தான் ஏறின. தொலைபேசி மட்டும் முந்திக்கொண்டு போய்விடுமா?

அந்தக் காலி இடங்கள் என் காலத்தில் நிரம்பவில்லை. பின்னர் கைப்பேசி வந்தது. அவற்றை நிரப்ப வேண்டிய அவசியமே போயிற்று. ஆனால் கார்டு செருகும் வேலை ஓயவில்லை. இன்றைய கைப்பேசிக் கோபுரங்களின் அடியிலுள்ள பெட்டிகளிலும் கார்டுகள் உண்டு. அங்கும் அதே பட்டை, அதே கடைசி அங்குலம். இணைப்பே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 செப்டம்பரில் பி.எஸ்.என்.எல். தொடங்கிவைத்த உள்நாட்டு 4ஜி அமைப்பின் மையப்பகுதியை உருவாக்கியதும் அதே சி-டாட்தான். செய்தியைப் படித்தபோது, பழைய ஊர்க்காரர் ஒருவர் பெரிய பதவிக்கு வந்ததைப் போல ஒரு பெருமிதம்.

இருந்தாலும் அந்த மலைக்காரரின் கேள்வி என்னை விடுவதில்லை. அன்று நாங்கள் பெட்டியிலுள்ள முனைகளை எண்ணி, இவ்வளவு பேருக்கு வசதி இருக்கிறது என்று அறிக்கை எழுதினோம். இன்று வரைபடத்தில் கோபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார்கள். சமவெளியில் அந்த வட்டம் ஏறக்குறைய உண்மை. கல்வராயன் மலை மடிப்பு மடிப்பானது; ஒரு முகடு குறுக்கே வந்தால் அலை அங்கேயே நின்றுவிடும். வட்டத்துக்குள் இருந்துகொண்டே ஓர் ஊர் வெளியில் இருக்க முடியும். அங்கே நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக 108ஐ அழைக்க, ஒருவர் கைப்பேசியோடு பாறைமேல் ஏற வேண்டியிருக்கும். எத்தனை கார்டுகள் செருகினோம், எத்தனை கோபுரங்கள் நட்டோம் என்பது எங்கள் தரப்புக் கணக்கு. அந்தப் பாறையில் ஏற வேண்டாத வீடுகள் எத்தனை என்று எண்ணுவதுதான் மலையின் கணக்கு.