ஊசியும் பஞ்சும்

பஞ்சைத் தொட்டுப் பிழைக்கும் ஊரில் இருமலை யாரும் நோயாகக் கருதுவதில்லை. பனியன் கம்பெனிகளின் கட்டிங், செக்கிங் பகுதிகளிலும், பல்லடம் பக்கத்து நூற்பாலைகளிலும் பறக்கும் துகள் தலைமுடியில் நரைபோல் படிவதைத் திருப்பூர்க்காரர்களாகிய நாங்கள் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறோம். அது மூச்சுக்குழலில் என்ன செய்கிறது என்பதை எங்கள் அத்தையின் இளைப்பு கற்றுத்தந்தது.

அத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் செக்கிங் மேசையருகே நின்றவர். உறிஞ்சும் மருந்தை நாள் தவறாமல் எடுத்தும், அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரையில் போய் நின்றது. பரிசோதனையில் குருதியில் ஐஜிஇ மிகுந்திருப்பதும், வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகள் அவருக்கு ஒவ்வாமை தருவதும் தெரிந்தன. மருத்துவர் ஒமாலிசுமாப் என்னும் உயிரியல் மருந்தைப் பரிந்துரைத்தார்.

ஐஜிஇ ஓர் எதிர்ப்புப் புரதம். ஜப்பானிய விஞ்ஞானிகளான கிமிஷிகே, டெருகோ இஷிசாகா தம்பதியர் 1966இல் அதை அடையாளம் கண்டனர். திசுக்களிலுள்ள மாஸ்ட் செல்களின்மேல் அது அமர்ந்திருக்கும். ஒவ்வாத பொருள் வந்து தொட்டதும் அச்செல்கள் ஹிஸ்டமின் முதலானவற்றைக் கொட்டும்; மூச்சுக்குழல் சுருங்கும், தோல் தடிக்கும். ஸ்டீராய்டு எல்லா அழற்சியையும் ஒருசேர அடக்கும். நாட்பட உண்டால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். ஒமாலிசுமாப்போ குருதியில் திரியும் ஐஜிஇயை மட்டும் பற்றிக்கொண்டு, செல்லின்மேல் அமரவிடாமல் தடுக்கிறது. அமெரிக்காவில் 2003இல் ஆஸ்துமாவுக்கும், 2014இல் நாட்பட்ட தோல் தடிப்புக்கும் அனுமதி பெற்றது. உயிருள்ள செல்களில் விளைவிக்கப்படும் புரதம் ஆதலால் விழுங்கினால் செரித்துப்போகும். தோலுக்கடியில்தான் ஏற்ற வேண்டும், குளிரில்தான் வைத்திருக்க வேண்டும். விலையும் அதற்கேற்ப.

நான்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசிகள் முடிந்தபின், அத்தை தலையணைகளை அடுக்காமல் படுத்துறங்கினார். அடுத்த முறை மருத்துவரிடம், "இனி நைட் ஷிப்டுக்கும் போலாமில்லீங்களா?" என்றார்.

மருத்துவர் சற்று யோசித்தே பதில் சொன்னார். ஊசி ஐஜிஇ வழியாக வரும் ஒவ்வாமையைத்தான் தடுக்கும். பஞ்சுத்தூசி மூச்சுக்குழலை உறுத்துவதற்கு ஐஜிஇயின் தயவு தேவையில்லை. நூற்பாலைத் தொழிலாளருக்கு வரும் பிஸ்ஸினோசிஸ், விடுமுறை கழிந்த முதல் வேலைநாளில் நெஞ்சை இறுக்கும் அந்த நோய், இந்த ஊசிக்குக் கட்டுப்படுவதன்று. தூசியிலிருந்து விலகுவதும் மருத்துவம்தான் என்றார்.

விலகலாம், ஆனால் ஊசிக்கான பணம் அந்தத் தூசிக்குள்ளிருந்துதான் வருகிறது. வீட்டில் கணக்குப் போட்டோம். அத்தை துகள் குறைந்த பேக்கிங் பகுதிக்கு மாறினார்; குறைந்த சம்பளத்தின் வித்தியாசத்தை நாங்கள் பகிர்ந்துகொண்டோம். எங்களால் அது இயன்றது. பக்கத்து மேசைப் பெண்களுக்கு இயலாது. அவர்களுக்கு முதலில் வேண்டியது தூசியை இழுத்து வெளியேற்றும் நல்ல விசிறி. அதற்கு மருத்துவர் சீட்டு எழுத முடியாது. கம்பெனிதான் பொருத்த வேண்டும்.