சுமந்த கைகளுக்குத் தெரியும்

போரில் காயப்பட்டவர்களைச் சுமந்தவர்கள் யார் என்று கேட்டால் படையினர், போராளிகள், மருத்துவ உதவியாளர்கள் என்றே பலரும் சொல்வார்கள். பிள்ளையையும் கணவனையும் அயலவரையும் சேலையிலும் தறப்பாளிலும் கிடத்தித் தூக்கிய பெண்களை யாரும் சொல்வதில்லை. 2009 பெப்ரவரி முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு, புதுமாத்தளன் உள்ளிட்ட கரைகளிலிருந்து 13,000க்கும் மேற்பட்ட காயமடைந்தோரையும் நோயாளரையும் உறவினரையும் கப்பலில் ஏற்றிச் சென்றது. பதுங்குகுழியிலிருந்து அந்தக் கரைவரை பலரைக் கொண்டுசேர்த்தவை வீட்டார் கைகளே.

1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. போர் அவர்களையும் பெயர்த்தது. அப்படி மீண்டும் மலைக்கே வந்த ஓர் அக்காவைப் பன்விலப் பகுதித் தோட்டமொன்றின் மாதர் சங்கத்தில் சந்தித்தேன். கூட்டங்களில் வாய் திறக்கமாட்டார்.

குளவி கொட்டினாலோ, மலையில் சறுக்கி விழுந்தாலோ பாதைவரை தூக்கிப்போக வழியில்லை என்று ஒருநாள் பேச்சு வந்தது. இராணுவத்தினர் பையில் சுருட்டிக் கொண்டுபோகும் மடக்கு ஸ்ட்ரெச்சர் போல ஒன்று கேட்டு எழுதலாமா என்றேன். அந்த அக்கா எழுந்தார்.

“அது வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா மிஸ்? ரெண்டு கம்பும் ஒரு கம்பளியும் போதும்.”

அவரே செய்து காட்டினார். கம்பளியை விரித்து, மூன்றில் ஒரு பங்கில் ஒரு கம்பை வைத்து மடித்தார். மடித்த பகுதியின் மேல் சுமார் இரண்டு அடி தள்ளி மற்றக் கம்பை வைத்து, மீதியை அதன்மேல் மடித்தார். கட்டத் தேவையில்லை, படுப்பவரின் பாரமே மடிப்பை இறுக்கும். கம்பளி இல்லாவிட்டால், உரச்சாக்குகளின் அடிமூலைகளை வெட்டிக் கம்புகளை நுழைக்கலாம். முதலில் சுகமான ஒருவரைப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்க்கவேண்டும்.

எத்தனை பேரைத் தூக்கினீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். “எண்ணல” என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

முதலுதவிப் பயிற்சியில் நான் கற்றவற்றையும் சேர்த்துச் சொன்னேன். இரத்தம் பாய்ந்தால் முதலில் துணியால் அழுத்திப் பிடியுங்கள். நால்வர் தூக்குவது நல்லது. சமதரையிலும் இறக்கத்திலும் கால் முன்னே, ஏற்றத்தில் தலை முன்னே போகட்டும். உயரத்திலிருந்து விழுந்து கழுத்தோ முதுகோ நொந்தால், வேறு ஆபத்து இல்லாதவிடத்து அசைக்காமல் உதவியை அழையுங்கள். 2016இல் ஆரம்பமான 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். ஆனால் அது வண்டிப்பாதை வரைதான் வரும். லயத்திலிருந்து பாதைவரை நாம்தான்.

போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவவேண்டும், ஆறுதல் சொல்லவேண்டும் என்றே என்னைப் போன்றவர்கள் போகிறோம். அவர்களிடம் கற்கவும் நிறைய உண்டு. சகோதரிகளே, உங்கள் சங்கத்திலும் ஒரு மாலை இதைப் பழகுங்கள். பழையதைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தாதீர்கள். கம்பையும் கம்பளியையும் முன்னால் வையுங்கள். தெரிந்த கைகள் தாமாகவே முன்வரும்.