கிராமண்ட் தீவு

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலமே தீவு என்று பூகோள பாடத்தில் இளமையிற் கற்றோம். நாடோறும் இருமுறை தீவாகவும் இருமுறை கரையின் கூறாகவும் மாறும் நிலத்தை யாதென்று அழைப்பது? ஸ்காட்லாந்து தேசத்தில், எடின்பரோ நகரை அடுத்து, ஆல்மண்ட் ஆறு கடலொடு கலக்குமிடத்துக்கு எதிரே அத்தகைய நிலமொன்று உளது. கல்வியின் பொருட்டு அந்நகரில் தங்கியிருந்த காலத்தில் யாம் அதனைக் காணச் சென்றோம்.

கரையினின்று அதன் தொலைவு ஏறத்தாழ 1 மைல். பரப்பு 19 ஏக்கர். உருகிய பாறைக்குழம்பு நிலத்தடியிலேயே உறைந்து இறுகிய வன்கல்லால் ஆயது அது. சூழ்ந்திருந்த மென்பாறைகள் அரிபட்டுப் போக, வன்கல் எஞ்சி நின்றது. இக்காலத்தில் அங்கு மனிதர் எவரும் வசிப்பதில்லை.

நம் சென்னைக் கடற்கரையில் ஓதம் மிகும் நாளிலும் நீர்மட்டம் ஏறியிறங்குவது சுமார் 1 மீட்டரே. அங்கோ அமாவாசை பௌர்ணமிகளையொட்டி 5 மீட்டரளவு ஏறியிறங்கும். ஆதலின் நீர் வற்றுங்கால் பரந்த மணலும் சேறும் வெளிப்பட, அவற்றினூடே நடைபாதையொன்று தோன்றும். அதனோரம் பல்வரிசைபோல் நிற்கும் காங்கிரீட் தூண்கள், இரண்டாம் உலக யுத்தத்தில் பகைவர் படகுகளைத் தடுக்க நாட்டப்பட்டவை. முழு வற்றத்துக்கு முன் 2 மணியும் பின் 2 மணியுமே அப்பாதையிற் செல்லத் தக்க காலம்.

யாம் மேட்டில் நின்று வடக்கே ஃபைஃப் கரையை நோக்கி மகிழ்ந்திருக்கையில், திரும்பும் வேளை வந்துவிட்டது. தீவின் வடமுனையிலுள்ள யுத்தகாலக் கட்டடங்களை இன்னும் பார்த்திலோம். கடலோ வெகுதூரத்தில் அமைதியாய்க் கிடந்தது. உடன்வந்த நண்பர், "இன்னும் கால் மணி நேரம் இருப்போமே" என்று மன்றாடினார். யாம் இசைந்திலோம், அவர் மனத்தாங்கலோடு உடன் நடந்தார். கரைசேர்ந்து தேநீர் அருந்தி மீண்டு நோக்கியபோது பாதையைக் காணோம். பேரலையில்லை, பேரோசையில்லை, பள்ளந்தோறும் நீர் நிரம்பி ஒன்றாகிவிட்டது. பின்தங்கிய இளைஞர் இருவர் தீவில் நின்று கைகளை அசைத்தனர். உயிர்காப்புப் படகு சென்று அவர்களை மீட்டு வந்தது. நண்பர் அதனைப் பார்த்தவாறே நெடுநேரம் பேசாதிருந்தார்.

தேசப்படத்தில் அத்தீவைச் சுற்றி ஒரு கோடு வரைந்திருக்கிறார்கள். அதன் மெய்யான எல்லையோ காலத்தால் வகுக்கப்பட்டது. ஓதப் பட்டியலும் கடிகாரமுமே அதனைக் காட்டவல்லன. பூகோளம் பயிலும் மாணவர்காள், கடற்கரை நிலங்களைக் காணச் செல்லுங்கால் படத்தோடு அவ்விரண்டையும் கைக்கொண்டு செல்வீராக.