வாப்பாவின் குறட்டை



வாப்பாவின் குறட்டையை நாங்கள் பல வருஷமாக வேடிக்கையாகவே எடுத்தோம். பகலில் பேப்பரை விரித்த கையோடு தூங்கிவிழுவார். வயசுதானே என்று விட்டுவிட்டோம்.

போன நோன்பில் ஸஹருக்கு எழுப்பப் போனபோதுதான் பயந்தோம். மல்லாந்து படுத்திருந்தார். குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சு அசைகிறது, மூச்சு வரவில்லை. பத்து வரை எண்ணியும் வரவில்லை. பிறகு திணறிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம், சத்தம் குறைந்தது.

டொக்டர் விளக்கினார். மல்லாந்து படுத்தால் நாக்கும் உள்நாக்குப் பக்கமும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்குமாம். ஒரு மணித்தியாலத்தில் 5 முதல் 15 தடவை அடைத்தால் லேசு, 30 தாண்டினால் கடுமை. இந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, ஒருக்களித்தால் அந்த எண்ணிக்கை பாதியாகக் குறையுமாம்.

உம்மா பழைய பெனியனின் முதுகில் பொக்கட் தைத்து டெனிஸ் பந்தொன்றைப் போட்டார். மல்லாந்தால் உறுத்தும், தானாகத் திரும்புவார். வலப்பக்கம் படுப்பது ஸுன்னத் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நாங்கள், வீட்டில் கவனிக்கவில்லையே!

ஆனால் வாப்பாவுக்குப் பந்து மட்டும் போதவில்லை. தூக்கப் பரிசோதனைக்குப் பிறகு, இரவில் மாஸ்க் மெஷினும் போடுகிறார். கவனிக்காமல் விட்டால் பிரஷர் கூடும், வாகனம் ஓட்டும்போது கண் அயரும்.

இன்றிரவு உங்கள் வீட்டுக் குறட்டையைக் கொஞ்சம் கேளுங்கள். சத்தத்தை அல்ல, அது நிற்கும் நேரத்தை. நின்று நின்று வந்தால் சிரிக்காமல் டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.