கடைமடைக்காரர் பார்த்த தலைமடை

மேலூர் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி அவர். வயது 61. கல்யாணமான நாளில் இருந்து திருவிழா, துக்கம், ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் மனைவியோடு வெளியூரில் தங்கியதில்லை. காரணம், மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலையும் மாலையும் பால் கறக்க வேண்டும். போன ஜூன் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் நான்கு நாள் மாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். அந்த நான்கு நாள் பால் காசு அவருக்கே என்று பேச்சு.

கோவையில் வேலை பார்க்கும் மகன், கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். டெம்போ டிராவலர் வண்டியில் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, கூரை மேல் 80 லிட்டர் தண்ணீர் டேங்க் எல்லாம் பொருத்தியிருந்தார்கள். லாட்ஜ் தேட வேண்டாம். நிறுத்திய இடத்தில் சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

வண்டியில் ஏறும்போதே வீட்டில் ஒரு பேச்சு முடியாமல் இருந்தது. நிலத்தை பிளாட் போடுகிறவர் ஒருவர் விலை கேட்டு, அட்வான்ஸ் தரவும் தயாராக இருந்தார். கொடுத்துவிடலாம் என்பது மகனின் எண்ணம். அப்பாவுக்கும் பாதி மனது இருந்தது. பெரியாறு பிரதான கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர் வரை 85,563 ஏக்கர் ஒருபோகம். அவர் நிலம் அந்த ஒருபோகத்தின் வால் பகுதியில் கிடக்கிறது. வழக்கமாக செப்டம்பர் நடுவில் திறக்கும் தண்ணீர், அணையில் இருப்பு குறைந்த வருஷம் தள்ளிப்போகும். முறை வைத்தும் விடுவார்கள். அவருடைய வயலுக்கு வந்து சேர்வதற்குள் முறை முடிந்துவிடும். "மேல இருக்கவன் குடிச்சு மிஞ்சினாத்தானே நமக்கு" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை.

முதல் நாள் வைகை அணையைப் பார்த்துவிட்டு, இரவு சின்னமனூர் அருகே ஒரு பெட்ரோல் பங்கில் அனுமதி கேட்டு வண்டியை நிறுத்தினார்கள். மறுநாள் விடியலில் மகன் முதலில் குளித்தார். அம்மா பாத்திரம் கழுவி, அரிசி களைந்து உலை வைத்தார். கடைசியாக அப்பா குழாயைத் திறந்தபோது இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

"வண்டிக்குள்ளயும் நான்தான் கடைமடையா?" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் பங்குக்காரப் பையன் எட்டிப் பார்த்தான்.

டேங்க் நிரம்பும் வரை அவர் ரோட்டோரமாக நடந்தார். ஊரில் வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும் மாதம் இது. இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நடவு முடிந்த பச்சை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம். தண்ணீர் இருந்தால் ஜூன் முதல் தேதியே திறந்துவிடுகிறார்கள். வரப்பில் நின்ற ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"குடுத்து வச்சவங்க அண்ணே நீங்க. அணைக்குப் பக்கத்துலயே இருக்கீங்க."

"நீங்க வேற தம்பி! பாசனத்துக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100. அந்த 200ஐத்தான் இத்தனை ஏக்கரும் பிரிச்சுக்கணும். அணையில தண்ணி இல்லாத வருஷம் நாங்களும் நாத்தை வச்சுக்கிட்டு வானத்தைத்தான் பார்ப்போம்."

பேசிக்கொண்டே அவர் பார்வை வாய்க்காலுக்குப் போனது. கரை சீராக இருந்தது. உள்ளே ஒரு செடி இல்லை. யார் வெட்டினார்கள் என்று கேட்டார். "ஆளுக்கு இவ்வளவுன்னு காசு போட்டு மே மாசமே வெட்டிருவோம். திறந்த அன்னிக்கே தண்ணி வயலுக்கு வரணும்ல" என்று பதில் வந்தது. மேலூர்க்காரர் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை.

ஒன்பது மணிக்கு லோயர் கேம்ப். அங்கே பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது; 2013ல் திறந்தது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட இன்ஜினீயர் அவர். அணை 1895ல் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15ம் தேதி இந்தப் பக்கத்து மக்கள் பொங்கல் வைக்கிறார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலையைக் கும்பிட்டார். அப்பா, மலைச்சரிவில் மின் நிலையத்துக்கு இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர் அதில்தான் வருகிறது.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி குமுளி சேர்ந்தார்கள். அணையைப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. தேக்கடி ஏரியில் படகு விடுகிறார்கள். அந்த ஏரிதான் அணையின் தேக்கம். படகில் இருந்த மற்றவர்கள் யானை தெரிகிறதா என்று கரையைத் தேட, இவர்கள் கண் தண்ணீர் மேல் இருந்தது. நடுவே மொட்டை மரங்கள் கறுப்பாக நிற்கின்றன. அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டு மரங்கள் அவை. இப்போது நீர்க்காகம் உட்கார்ந்து சிறகு காயவைக்கிறது.

"இம்புட்டுத் தண்ணியும் நம்ம ஊருக்கா?" என்று அம்மா கேட்டார்.

"வழியில எல்லாருக்கும் போக, நமக்கும்" என்றார் அப்பா.

மகன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த ஏரியில் இருந்து குகை, குழாய், முல்லையாறு, வைகை ஆறு, வைகை அணை, பேரணை, பிரதான கால்வாய் என்று 100 கிலோமீட்டருக்கு மேல் வரும் தண்ணீர், ஊரில் கடைசி ஒரு கிலோமீட்டரில் நிற்கிறது. அந்தப் பகிர்மான வாய்க்காலில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்பதை அவரும் பார்த்திருக்கிறார். தாத்தா காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வெட்டுவார்களாம். அது நின்று பல வருஷம் ஆகிறது.

"அப்பா, மேல உள்ளவங்க குடிக்கிறது இருக்கட்டும். வர்ற தண்ணிக்கு நம்ம ஊர்ல வழி இருக்கா?" என்றார் மகன்.

இறங்கும் வழியில் கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்கினார்கள். அம்மா அதைக் கழுவ எடுத்த தண்ணீரை வீணாக்காமல் ஒரு வாளியில் பிடித்து வைத்தார். அப்பா ரோட்டோரம் நின்று ஊருக்குப் போன் போட்டார். வாய்க்கால் பங்காளிகள் பதினோரு பேர். ஏழு பேர் எடுத்தார்கள். ஐந்து பேர் வருவதாகச் சொன்னார்கள். வராதவர்கள் ஆள் கூலியாவது தரட்டும் என்று பேசி முடித்தார். செப்டம்பருக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. ஐந்து பேர் இறங்கினாலும் முடிகிற வேலைதான்.

கடைசி அழைப்பு, நிலத்துக்கு விலை கேட்டவருக்கு. "இந்தப் போகம் அறுத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். மகன் பக்கத்தில்தான் இருந்தார். எதுவும் சொல்லாமல் டேங்கைத் தட்டி, எவ்வளவு தண்ணீர் மீதி இருக்கிறது என்று பார்த்தார்.