ஒருத்திக்கு எத்தனை டிக்கெட்?

ஓசூர்க்காரன் கப்பலைப் பத்தி எழுதறான்னா சிரிப்பு வரத்தான் செய்யும். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். கடலைப் பார்க்கணும்னா சென்னைக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகணும். எங்க பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த தண்ணீர்ப் பயணம் ஒகேனக்கல் பரிசல் ஒண்ணுதான். ஆனாலும் கடந்த ரெண்டு மாசமா எனக்கு வேலையே கப்பல்தான். செமஸ்டர் பாடங்களைப் பார்த்ததை விட கப்பல் அறைகளின் படத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். காரணம் எங்க அத்தை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. 58 வயசு. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் முப்பது வருசத்துக்கும் மேல வேலை செய்து இந்த வருசம் ரிட்டயர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த பணத்தில் நகை வாங்குவார், இல்லேன்னா மத்திகிரி பக்கம் ஒரு மனை வாங்குவார் என்று வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். அத்தை சொன்னது இதுதான்: "கப்பல்ல போகணும் கண்ணு. தனியா."

தனியா என்ற அந்த வார்த்தைதான் ரெண்டு மாசமா எங்க வீட்டை ஆட்டி வைக்கிறது. கப்பல் கம்பெனிகளின் கணக்கையும் அதே வார்த்தைதான் குழப்புகிறது. தனியாகக் கப்பலில் போக நினைக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் நான் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், நம்ம பக்கத்திலிருந்து என்ன கப்பல் இருக்கு? உல்லாசக் கப்பல் என்பது சென்னைக்குப் புதுசு. 2022 ஜூன் 4-ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் கொடியசைக்க, கோர்டீலியா கம்பெனியின் 'எம்பிரஸ்' சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று போட்ட திட்டத்தில் புதுச்சேரிக்கு மட்டும் அங்குள்ள அரசு அனுமதி கொடுக்கவில்லை. அடுத்த வருசம், 2023 ஜூனில், அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று ஊர். இந்த எம்பிரஸ் 1990-ல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பேரில் அமெரிக்கப் பக்கம் ஓட ஆரம்பித்த கப்பல். நம்ம ஊருக்கு வரும்போதே அதற்கு முப்பது வயசு தாண்டிவிட்டது. "நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கப்பலா? அப்ப அதுவும் ரிட்டயர் ஆக வேண்டியதுதானே" என்றார் அத்தை :-)

மாசம் பார்த்துத்தான் போக முடியும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மும்பை, கோவா பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அந்த நேரத்தில் நம்ம கிழக்குக் கரை கொஞ்சம் அமைதி. அக்டோபருக்கு மேல் நிலைமை தலைகீழ்; வடகிழக்குப் பருவமழையும் புயலும் நம்ம பக்கம் வந்துவிடும். சென்னைப் பயணங்கள் வருசத்தின் நடுவில் வருவதற்கு இதுதான் காரணம். கப்பலில் போக நினைக்கிறவர்கள் காலண்டரை எடுத்ததும் முதலில் காற்றைப் பார்க்கணும், லீவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் மேட்டரே இருக்கு.

பாகலூர் ரோட்டில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். விளம்பரத்தில் 'ஒரு நபருக்கு' என்று ஒரு தொகை பெரிசா இருக்கும். கீழே பொடி எழுத்தில் 'இருவர் ஓர் அறையில் தங்கும்போது' என்று இருக்கும். அதாவது ஒரு ஆளுக்கு 20,000 ரூபாய் என்று போட்டிருந்தால், அறையின் விலை 40,000. ஒரு ஆள் மட்டும் போனாலும் அறையின் விலை அப்படியே நிற்கும். துறைமுகக் கட்டணம் மாதிரி தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது மட்டும் ஒரு தடவைதான் வரும். ஆக, சரியா ரெண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம் குறையும். சில கம்பெனிகள் அறை நிறையாத சமயத்தில் ஒன்றரை மடங்கோடு விட்டுவிடுவதும் உண்டு. இது ஏதோ ஒரு கம்பெனியின் வழக்கம் இல்லை. உலகம் முழுக்க உல்லாசக் கப்பல்கள் இப்படித்தான் விற்கின்றன.

ஏன் என்று தோண்டிப் பார்த்தேன். கப்பலில் அறைகளை அனேகமா ரெண்டு பேருக்கு என்றுதான் கட்டுகிறார்கள். கப்பல் நிறைந்துவிட்டதா என்ற கணக்கையே அறைக்கு 2 பேர் என்று வைத்துத்தான் போடுகிறார்கள். ஓர் அறையில் குழந்தைகளோடு மூணு, நாலு பேர் இருந்தால் அது உபரி. அதனால்தான் பெரிய கம்பெனிகளின் வருடாந்திர அறிக்கையில் கப்பல் 105 சதவீதம் நிறைந்தது என்றெல்லாம் வரும். நூற்றுக்கு மேல் எப்படி நிறையும் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. இந்தக் கணக்கின்படி எங்க அத்தை போகும் அறை பாதி காலி. அது போக, டிக்கெட் காசு மட்டும் கப்பலுக்கு வருமானம் இல்லை. பார், ஸ்பா, சூதாட்டக் கூடம், கரையில் ஊர் சுற்றிக் காட்டுவது என்று ஒவ்வொரு ஆளும் உள்ளே செலவு செய்வார் என்பதும் சேர்த்தி. வராத அந்த இரண்டாவது ஆள் குடிக்காத காபிக்கும் சேர்த்து வந்த ஆள் காசு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதுசு இல்லை. ஒகேனக்கல்லில் பரிசலுக்கு இவ்வளவு என்றுதான் காசு. தனியாப் போனால் முழுசும் நம்ம தலையில். இல்லேன்னா கூட ஆள் சேரும் வரை கரையில் நிற்கணும். ஆட்டோவும் அப்படித்தான். ஷேர் ஆட்டோவில் ஒரு ஆளுக்குக் காசு, தனி ஆட்டோவில் வண்டிக்குக் காசு.

கப்பலில் ஷேர் ஆட்டோ இல்லையா என்று கேட்டால், இருக்கு. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுப் பயணிகள் கப்பல். சுமார் 1200 கிலோமீட்டர், நடுக்கடலில் ரெண்டு மூணு ராத்திரி. அதில் டிக்கெட் படுக்கைக்குத்தான். பங்க் என்று சொல்லும் பெரிய கூடத்தில் வரிசையா அடுக்குப் படுக்கை; அதற்கு மேல் காசு கட்டினால் பகிர்ந்துகொள்ளும் கேபின். ஒரு ஆள் போனால் ஒரு ஆள் காசு. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு அங்குள்ள அரசுச் சுற்றுலா அமைப்பு நடத்திவந்த 'சமுத்திரம்' என்ற பயணமும் இதே கணக்குதான். பகலில் தீவு, ராத்திரி கப்பலில் தூக்கம். எம்.வி. கவரத்தி கப்பலில் நாலு பேர் கேபினில் ஒரு படுக்கையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கொச்சிக்கு ஓசூர் ஸ்டேஷனிலேயே எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஏறலாம். லட்சத்தீவுக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்கணும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இன்னும் பின்னால் போனால், தமிழர்கள் தனியாக் கப்பல் ஏறியதுதான் அதிகம். 1926-லிருந்து சுமார் ஐம்பது வருசம் ஓடிய 'ரஜுலா', அதற்கு அப்புறம் 1985-ல் தீப்பிடிக்கும் வரை இருந்த 'எம்.வி. சிதம்பரம்', ரெண்டும் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றின. மேல்தட்டில் பாயை விரித்துப் போனவர்களில் பலர் ஒத்தை ஆளாப் பிழைக்கப் போனவர்கள். அவர்களிடம் யாரும் "கூட யாரு வர்றா?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். பிழைக்கத் தனியாப் போகலாம், சும்மா பார்க்கத் தனியாப் போகக்கூடாது என்பது என்ன நியாயமோ.

எங்க வீட்டில் அதைத்தான் கேட்டார்கள். ரெண்டு பேர் காசு என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அத்தை மேல் திடீர்ப் பாசம் :-) "காசு எப்படியும் கட்டப்போறீங்க, சும்மா ஒரு படுக்கை காலியாப் போகுது, நான் வரேன் அக்கா" என்றார் சித்தப்பா. தாரமங்கலத்திலிருந்து சின்ன அத்தை போன் செய்து தனக்கும் கடல் பிடிக்கும் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். அப்பா மட்டும் வேற மாதிரி கவலைப்பட்டார். "ஒத்தப் பொம்பளை, நடுக்கடல். ஏதாவது ஒண்ணுன்னா?"

அப்பாவின் கேள்விக்குப் பதில் தேடியதில் ஒண்ணு தெரிந்தது. 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-ல் உயிர்காப்புக்கான உலக ஒப்பந்தம் வந்தது. இன்றைக்கு ஏறும் ஒவ்வொரு ஆளுக்கும் உயிர்காக்கும் சட்டையும் படகில் இடமும் இருக்கணும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் 'கோஸ்டா கன்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, புதுசா ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சியே இன்னும் நடக்கவில்லை. அதற்கு அப்புறம் 2015-லிருந்து, கப்பல் கிளம்புவதற்கு முன்னாடியோ கிளம்பிய உடனேயோ பயிற்சி கொடுத்தே ஆகணும் என்று விதி மாறியது. துறைமுகத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் அட்டையைக் காட்டித்தான் போகணும். யார் திரும்பி வரவில்லை என்பது கப்பலுக்குத் தெரிந்துவிடும். அங்கெல்லாம் ஒரு ஆளை ஒரு ஆளாத்தான் எண்ணுகிறார்கள். விலை போடும்போது மட்டும்தான் ரெண்டு.

இதையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதி அத்தையிடம் காட்டினேன். "அத்தை, அந்தமான் கப்பல்ல போனா ஒரு படுக்கைக் காசுதான். இதுல ரெண்டு பேர் காசு கேக்கறாங்க. எது போடட்டும்?"

அத்தை கேட்டது ஒரே கேள்வி. "அந்த ரூமுக்கு வேற யாரும் வரமாட்டாங்கதானே?"

"வரமாட்டாங்க. முழுசும் உங்களுக்குத்தான்."

"அப்ப அதையே போடு. ஹால்ல வரிசையாப் படுத்தது எல்லாம் போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெலமங்கலம் பக்கத்து ஓட்டு வீட்டில் அஞ்சு பிள்ளைகளோடு பிள்ளையாப் படுத்தவர். வேலைக்கு வந்ததும் லேடீஸ் ஹாஸ்டலில் அறைக்கு ஆறு பேர். அப்புறம் கூட வேலை செய்த மூணு பேரோடு வாடகை வீடு. ஷிப்ட் மாறி மாறி வரும். ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் லைட்டைப் போடுவார். எங்க வீட்டுக்கு வந்தபின் பாட்டியோடு, பாட்டி போனபின் என் தங்கச்சியோடு. 58 வருசத்தில் அத்தைக்கு என்று உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை இருந்ததே இல்லை. நாங்கள் எல்லோரும் காலியாப் போகிறது என்று அங்கலாய்த்த அந்த இரண்டாவது படுக்கைதான் அவர் காசு கொடுத்து வாங்க நினைத்த பொருள்.

தனி ஆளுக்கென்றே அறை கட்டிய கப்பல்களும் உண்டு. 2010-ல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் சுமார் 100 சதுர அடியில் 128 அறைகளை ஒற்றை ஆளுக்கு என்று வைத்தார்கள். அந்த மாதிரி நம்ம கரைக்கு வரும் வரை, தனியாப் போகிறவர்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்:

விலையைக் கேட்கும்போது 'ஒரு நபருக்கு' என்று கேட்காமல், 'ஓர் அறையில் நான் ஒருத்தர் மட்டும், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு' என்று கேளுங்கள். உள்பக்கத்து அறை மலிவு, ஆனால் ஜன்னல் கிடையாது. வாந்தி வரும் என்று பயம் இருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. கிளம்பும் நாள் காலையில் ஓசூரில் பஸ் ஏறாதீர்கள், முதல் நாளே சென்னை போய்விடுங்கள்; கிருஷ்ணகிரி டோல்கேட் டிராபிக்குக்காகக் கப்பல் நிற்காது. இலங்கை வரை போனால் பாஸ்போர்ட் வேணும். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர நேரமாகும். நடுக்கடலில் போன் சிக்னல் இருக்காது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முக்கியமா எங்க அப்பா மாதிரி ஆட்களிடம்.

அத்தை ரெண்டு ராத்திரிப் பயணமாப் பார்த்து, ஜன்னல் உள்ள அறைக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டார். ஜன்னலுக்கும் சேர்த்துக் காசு கூடியதில் அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை. "காலியாக் கிடக்கற கட்டிலுக்கு யாராவது காசு கட்டுவாங்களா?" என்று நேற்றுகூடக் கேட்டார்.

"காலியா ஏன் இருக்கும்? என் பெட்டியை அதுல வச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டார் அத்தை.